மையம் மறந்த வட்டம்

எண்முறைக் கட்டுப்பாட்டுப் பொறிகளில் வட்டவில்லை வெட்டுதற்கான கட்டளைகளை மாணவர் தம் கையால் எழுதிப் பழகவேண்டிய காலம் கடந்துவிட்டது என்னும் கருத்து, பொறியியற் கல்விக்கூடங்களிற் பரவலாகக் கேட்கப்படுகின்றது. திரையில் உருவை வரைந்தாற் போதும். மென்பொருள் அதற்குரிய செய்நிரலைத் தானே ஆக்கித் தரும். பொறி அதனை ஏற்று வெட்டும். இடையில் மாணவன் ஆள்கூறுகளோடும் குறியீடுகளோடும் மல்லாடுவது வீண் என்பர் இக்கருத்தினர். ஈய எழுத்துக்களைக் கோக்கத் தெரிந்தவனே நூல் எழுதலாம் என்று விதிப்பதற்கு இதனை ஒப்பிடுவாரும் உளர்.

இக்கூற்று முன்னேற்றத்தின் குரல்போலத் தோன்றுகின்றது. ஆராயுமிடத்து அது அறியாமைக்கு வழங்கப்படும் அனுமதிப்பத்திரமே என்பது புலனாகும். ஈய எழுத்துக் கோக்க அறியாத எழுத்தாளன் தன் நூலில் உள்ள பிழையை வாசித்து அறிவான். வில்லை எழுத அறியாத பொறியியலாளனோ, தன் பெயரால் வெளிவரும் செய்நிரலில் உள்ள பிழையை வாசித்து அறிய இயலாதவன். உருக்கு வெட்டப்பட்ட பின்னரே அப்பிழை அவனுக்குத் தெரியவரும். ஆதலின் அவ்வொப்புமை பொருந்தாது.

பொறி அறியாத வட்டம்

மில்லிங் பொறியொன்றின் மேசை நேர்கோட்டிலேயே நகர வல்லது. ஒரு மோட்டார் அதனை இடம் வலமாக நகர்த்தும். பிறிதொன்று முன் பின்னாக நகர்த்தும். வட்டத்தை ஆக்கும் உறுப்பு அப்பொறியில் எங்கும் இல்லை. இரு நேரியக்கங்கள் கணந்தோறும் தம் வேகங்களை ஒன்றற்கொன்று இயைய மாற்றிக்கொள்வதாலேயே வட்டம் பிறக்கின்றது. ஒன்று உச்ச வேகத்திற் செல்லும்போது மற்றையது ஓய்ந்து நிற்கும். ஒன்று தளர மற்றையது விரையும். சைனும் கோசைனும் இங்கே கரும்பலகையை விட்டிறங்கி இரு திருகுகளிற் குடிபுகுந்துள்ளன எனலாம்.

இந்நிலையை அடைவதற்கு முன் கடந்த வழி நோக்கற்பாலது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஜோன் பார்சன்ஸ், ஹெலிகொப்டர் சுழலிறகுகளின் வளைவைத் துளை அட்டைப் பொறிகளாற் கணித்து, அவ்வெண்களைக் கொண்டு வெட்டும் முறையை வகுத்தார். 1949இல் அந்நாட்டு விமானப்படை இதற்கு ஆதரவளித்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தின் ஆய்வுகூடம் இப்பணியில் ஈடுபட்டு, நாடாவிலுள்ள எண்களால் இயங்கும் மில்லிங் பொறியை 1952இல் மக்கள் முன் இயக்கிக் காட்டியது. அப்பொறி அறிந்தது நேர்கோடு ஒன்றையே. வளைவு எதுவாயினும் அதனைச் சிறு சிறு நாண்களாகப் பிரித்து நாடாவிற் பதித்தல் வேண்டும். 50 மில்லிமீற்றர் ஆரையுள்ள முழு வட்டத்தை 0.01 மில்லிமீற்றருக்கு மேற்படாத வழுவுடன் நாண்களால் ஆக்குவதற்கு 158 நேர்கோட்டுத் துண்டங்கள் தேவைப்படும். பின்வந்த கட்டுப்படுத்திகள் இவ்வேலையைத் தம்முள் ஏற்றுக்கொண்டன. 158 வரிகள் நின்ற இடத்தில் ஒரு வரி நின்றது. வலஞ்சுழி வில்லுக்கு ஜி 02 எனவும் இடஞ்சுழி வில்லுக்கு ஜி 03 எனவும் வழங்கும் குறியீடுகள் 1980ஆம் ஆண்டின் அமெரிக்க நியமத்திலும் 1982ஆம் ஆண்டின் சர்வதேச நியமத்திலும் இடம்பெற்றன.

அந்த ஒரு வரியைச் சலிப்பூட்டும் குறியீட்டுக் கூட்டமெனக் காண்போர், அதனுள் எத்துணைக் கேத்திரகணிதம் ஒடுங்கியுள்ளது என்பதைக் காண்பதில்லை. எத்தளத்தில், எத்திசையில், எங்கிருந்து, எதுவரை, எதனை மையமாகக் கொண்டு என்னும் ஐந்து வினாக்களுக்கும் அவ்வரி விடை கூறுகின்றது. இவ்வைந்தனுள் ஒன்றை அறியாதவனும் வில்லை அறியாதவனே.

மையம் என்னும் சாட்சி

வில்லைக் கூறுவதற்கு இரு வழிகள் உள. ஒன்று, தொடக்கப் புள்ளியிலிருந்து மையம் எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதை ஐ, ஜே என்னும் எழுத்துக்களாற் குறிப்பது. மற்றையது, மையத்தைக் கூறாது ஆரையை மாத்திரம் ஆர் என்னும் எழுத்தாற் குறிப்பது. பின்னது எளிது, வரைபடத்தில் ஆரை எழுதப்பட்டிருக்கும், அதனை அப்படியே எடுத்தெழுதினாற் போதும். எனவே கற்பிப்போர் சிலரும் இதனையே முதலிற் கற்பித்து, இதனோடேயே நிறைவடைகின்றனர். கல்வியில் எளிமை போற்றத்தக்கதே. ஆனால் இவ்வெளிமைக்குக் கொடுக்கப்படும் விலை யாது?

ஓர் எடுத்துக்காட்டை நோக்குக. மையம் ஆதியில் உள்ளது. ஆரை 50 மில்லிமீற்றர். வெட்டுங்கருவி எக்ஸ் 50, வை 0 என்னும் புள்ளியில் நிற்கின்றது. இடஞ்சுழியாகச் சென்று எக்ஸ் 30, வை 40 என்னும் புள்ளியை அது அடைதல் வேண்டும். மைய முறையில் ஐ −50, ஜே 0 என எழுதப்படும். இங்கு எழுதுபவன் கைதவறி 40 என்பதை 44 எனப் பதித்துவிட்டான் எனக் கொள்வோம். கட்டுப்படுத்தி மையத்திலிருந்து தொடக்கப் புள்ளிக்குள்ள தூரத்தைக் கணிக்கும், அது 50. முடிவுப் புள்ளிக்குள்ள தூரத்தைக் கணிக்கும், அது 53.25. ஒரே வட்டத்திற்கு இரு ஆரைகள் இருத்தல் இயலாது. ஆகவே பொறி நின்றுவிடும், பிழை அறிவிக்கப்படும், உருக்குப் பிழைக்கும்.

ஆரை முறையில் அதே தவறு நேரின் விளைவு வேறு. முடிவுப் புள்ளி 30, 44, ஆரை 50. இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலான நாண் 48.33 மில்லிமீற்றர். அது விட்டத்தினும் சிறியதாகையால் 50 மில்லிமீற்றர் ஆரையுள்ள வில்லொன்று அவற்றினூடே செல்லுதல் கூடும். கட்டுப்படுத்தி ஐயம் எதனையும் எழுப்பாது. மையத்தை அது தானே புதிதாக வகுத்துக்கொள்ளும். அப்புதிய மையம் உண்மை மையத்திலிருந்து ஏறத்தாழ 3.9 மில்லிமீற்றர் விலகி நிற்கும். பொறி அமைதியாக வெட்டும். பிழையான பொருள் அழகாக வெட்டப்பட்டிருக்கும்.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. மைய முறையில் தேவைக்கு மேற்பட்ட ஒரு செய்தி தரப்படுகின்றது. அம்மிகையே காவல். கணக்கியலில் ஒரே தொகை வரவிலும் செலவிலும் பதியப்படுவது எதற்காகவோ, அதற்காகவே இங்கும் ஆரை இருமுறை கூறப்படுகின்றது. மையத்தை எழுதுபவன் தன் கூற்றுக்குத் தானே ஒரு சாட்சியை நிறுத்துகின்றான். ஆரையை மாத்திரம் எழுதுபவன் சாட்சியின்றி வழக்காடுகின்றான். மைய முறையிலும், இரு ஆரைகளுக்கிடையே எவ்வளவு வேறுபாட்டைப் பொறி பொறுத்துக்கொள்ளும் என்பது பொறிக்குப் பொறி வேறுபடும். அந்த அளவு எங்கே, எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என வினவும் எண்ணமும் மைய முறையைக் கற்றவனுக்கே எழும்.

ஆரை முறையின் குறைகள்

ஆரை முறையில் மேலும் மூன்று குறைகள் உள. முதலாவது, இரு புள்ளிகளினூடாகக் குறித்த ஆரையோடு ஒரே திசையிற் செல்லும் விற்கள் இரண்டு உண்டு. ஒன்று அரைவட்டத்தினும் சிறியது, மற்றையது பெரியது. எது வேண்டும் என்பதைத் தெரிவிக்க ஆரைக்கு நேர், மறைக் குறிகள் இடப்படுகின்றன. ஆரை மறையாதல் கேத்திரகணிதத்திற்கு ஒவ்வாதது. மையத்தை மறைத்தமையால் எழுந்த இடருக்குக் குறியொன்றைப் பொய்யாக்கிப் பரிகாரம் தேடப்பட்டது என்பதே உண்மை.

இரண்டாவது, முழு வட்டத்தை ஆரையால் ஒரே வரியிற் கூற இயலாது. தொடக்கமும் முடிவும் ஒரே புள்ளியாயின் அதனூடாகச் செல்லும் அவ்வாரையுள்ள வட்டங்கள் எண்ணிறந்தன. எதனை வெட்டுவது எனப் பொறி அறியாது; அசையாதிருக்கும் அல்லது பிழை காட்டும்.

மூன்றாவதே மிகக் கொடியது. நூறு மில்லிமீற்றர் நாணின்மீது அரைவட்டமொன்று வெட்டப்பட வேண்டும் எனக் கொள்க. ஆரை 50 ஆயின் மையம் நாணின் நடுப்புள்ளியில் அமையும். தசமங்களைச் சுருக்கியபோது ஆரை 50.001 ஆகிவிட்டது எனின், பைதகரசின் தேற்றப்படி மையம் நடுப்புள்ளியிலிருந்து 0.316 மில்லிமீற்றர் விலகும். வில்லின் உச்சி ஏறத்தாழ அதே அளவு தாழும். மயிரிழையினும் பன்மடங்கு நுண்ணியதொரு வழு முந்நூறு மடங்காகப் பெருகிவிடுகின்றது. ஆரை 49.999 ஆயின் அத்தகைய வில்லே இல்லை. இது பொறியின் குறையன்று, மென்பொருளின் குறையுமன்று. வர்க்கமூலத்தின் இயல்பு. க.பொ.த. உயர்தரத்தில் இணைந்த கணிதம் பயின்ற எவரும் ஐந்து நிமிடத்தில் நிறுவக்கூடியது. ஆயினும் ஆரை முறையை மாத்திரம் கற்றவனுக்கு இது பேய்க்கூத்தாகவே தோன்றும்.

சிறிய மூலை வளைவுகளுக்கு ஆரை முறை வசதியானது என்பதை மறுப்பதற்கில்லை. தொண்ணூறு பாகைக்கு மேற்படாத வில்லொன்றை விரைவில் எழுத அது உதவும். ஆனால் சுருக்கெழுத்து, எழுத்தறிந்தவனுக்கே பயன்படும்.

மென்பொருள் எழுதும்போது

இனி, இவையாவும் மனிதன் எழுதும்போது நேரும் குறைகள், மென்பொருள் எழுதும்போது நேரா என எதிர்வாதம் எழலாம். மென்பொருள் கைதவறிப் பதிவதில்லை என்பது உண்மையே. ஆனால் எந்தப் பொறிக்கு எழுதுகின்றோம் என்பதை அது தானாக அறிவதில்லை. மனிதன் தெரிவித்ததையே அறியும். பெரும்பாலான பொறிகளில் ஐ, ஜே என்பன தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கப்படும். சிலவற்றில் ஆதியிலிருந்தும் அளக்கப்படும். ஒன்றற்கென ஆக்கிய செய்நிரலை மற்றையதில் இட்டால், அதே எழுத்துக்கள் முற்றிலும் வேறானதொரு வட்டத்தைக் குறிக்கும். செய்நிரலின் முதல் வில்லை விரலால் தொட்டு வாசிக்க அறிந்தவன் ஒரு நிமிடத்தில் இதனைக் கண்டுகொள்வான். அறியாதவன் பொத்தானை அழுத்துவான்.

வலஞ்சுழி என்னும் சொல்லையே எடுத்துக்கொள்க. எங்கு நின்று நோக்க வலஞ்சுழி? வில் கிடக்கும் தளத்திற்குச் செங்குத்தான மூன்றாம் அச்சின் நேர்ப்பக்கத்தில் நின்று நோக்க என்பதே விதி. நிலைக்குத்து மில்லிங் பொறியின் கிடைத்தளத்தில், மேலிருந்து நோக்குபவனுக்கு இது இயல்பாகப் பொருந்தும். ஆனால் எக்ஸ், இசட் அச்சுக்கள் அமையும் நிலைக்குத்துத் தளத்தில், விதிப்படி நோக்குபவன் பொறியின் பின்புறத்தில் நிற்றல் வேண்டும். முன்னால் நிற்கும் தொழிலாளியின் கண்ணுக்கு வலஞ்சுழிக் கட்டளை இடஞ்சுழியாகத் தோன்றும். லேத் இயந்திரத்திற் கருவி முன்புறத்தில் உள்ளதா பின்புறத்தில் உள்ளதா என்பதைப் பொறுத்தும் இக்குழப்பம் எழும். திரையிற் சரியாகத் தோன்றுவதைப் பொறியின் முன் ஒப்புநோக்க வேண்டியவனுக்கு இவ்வறிவு இன்றியமையாதது.

ஊட்டு வேகம் பற்றியும் ஒரு சொல். 12 மில்லிமீற்றர் ஆரையுள்ள உட்குழிவை 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள கருவியால் வெட்டும்போது, கருவியின் மையம் 2 மில்லிமீற்றர் ஆரையிலேயே சுற்றும். மையத்திற்கு நிமிடத்திற்கு 300 மில்லிமீற்றர் எனக் கட்டளையிட்டால், வெட்டு நிகழும் சுவரில் வேகம் 1800 ஆகும். ஆறு மடங்கு! நேர்கோட்டில் நன்றாக வெட்டிவந்த கருவி மூலையை அடைந்ததும் அலறுவதும் முறிவதும் இதனாலேயே. இவ்வேகத்தைக் குறைக்கும் வசதி மென்பொருள்களிலும் கட்டுப்படுத்திகளிலும் உண்டு. ஆனால் அவ்வசதி ஒன்று தேவை என்பதை உணராதவன் அதனை எங்ஙனம் தேடுவான்?

வெட்டிமுடித்த வட்டத்தை வாசிப்பதற்கும் இவ்வறிவு வேண்டும். வட்டத்தின் நான்கு திசைப் புள்ளிகளில் மாத்திரம் சிறு தழும்புகள் காணப்படின், பிழை செய்நிரலில் இல்லை. அப்புள்ளிகளிலேதான் ஓர் அச்சின் மோட்டார் தன் திசையை மாற்றுகின்றது. திருகிலுள்ள தளர்வு அங்கே வெளிப்படுகின்றது. பொறியை வட்டத்தில் இயக்கி அதன் வழுக்களை அளக்கும் எளிய கருவியொன்றை அமெரிக்காவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிரையன் 1982இல் விளக்கினார். இன்று பட்டறைகளில் வழங்கும் வட்டச் சோதனைக்கு அதுவே அடிப்படை. வட்டம் பொறியின் நாடித்துடிப்பு. நாடி பார்க்க அறியாத மருத்துவனுக்கு மருந்துப்பெட்டி எத்துணைப் பெரிதாயினும் பயன் யாது?

அறிவு யாரிடம் இருத்தல் வேண்டும்?

இவ்வினா தொழினுட்பத்தோடு முடிவதன்று. எண்முறைப் பொறிகளின் வரலாற்றை ஆராய்ந்த டேவிட் நோபிள், 1984இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு செய்தியை வற்புறுத்தினார். இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளிற் பொறிகளைத் தன்னியக்கமாக்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, தேர்ந்த தொழிலாளி முதற் பொருளை வெட்டும்போது அவன் இயக்கங்களை நாடாவிற் பதிந்து, பின்னர் அவற்றையே மீள இயக்குவது. மற்றையது, தொழிலாளியை விலக்கி, அலுவலகத்தில் எண்களாக எழுதிப் பொறிக்கு அனுப்புவது. பின்னது வென்றமைக்குக் காரணம் அதன் கணிதச் சிறப்பு மாத்திரமன்று. பட்டறையிலிருந்த அறிவையும் அதிகாரத்தையும் நிருவாகத்திற்கு மாற்றும் விருப்பமும் அதற்குக் காரணம் என்பது அவர் வாதம். சிந்தனையையும் செயலையும் பிரித்தலே நவீன தொழில்முறையின் போக்கு என 1974இல் ஹரி பிறேவர்மன் வாதிட்டதும் எண்முறைப் பொறிகளைச் சான்றாகக் கொண்டேயாகும்.

விமானத்தின் சிக்கலான வளைபரப்புக்களைக் கையியக்கப் பதிவால் ஆக்குதல் அரிது என நோபிளை மறுப்போர் கூறுவதில் உண்மை உண்டு. ஆயினும் இங்கு கருதற்பாலது வேறொன்று. அன்று அறிவு பட்டறையிலிருந்து அலுவலகத்திற்குச் சென்றது. சென்ற இடத்திலேனும் அது இருந்தது. நாண்களைக் கணித்தவன், மையத்தைக் கண்டவன், நாடாவைச் சரிபார்த்தவன் ஒருவன் இருந்தான். இன்று அலுவலகத்தில் இருப்பவனும் அதனை அறியவேண்டியதில்லை என்று கூறப்படுகின்றது. தொழிலாளியிடமிருந்து வாங்கிய அறிவைப் பொறியியலாளனும் கைவிட்டபின், அது விலைகொடுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய மென்பொருளுள் மாத்திரமே எஞ்சும். வரைபவன் வாசிக்க அறியான்; இயக்குபவன் வாசிக்க அனுமதிக்கப்படான். இடையில் நிற்கும் எழுத்துக்கு உரியவர் எவருமிலர். இதனை முன்னேற்றம் என்று கொண்டாடுவது, வீட்டுத் திறப்பை அயலானிடம் கொடுத்துவிட்டுப் பாரம் குறைந்தது என மகிழ்வதை ஒக்கும்.

மென்பொருளையே விலக்குதல் வேண்டும் என்பது இதன் கருத்தன்று. ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட வளைபரப்பைக் கையால் எழுத முற்படுவது மடமை. வேண்டப்படுவது ஒழுங்கு. முதலில் மாணவன் தாளில் வட்டத்தை வரைக, மையத்தைக் காண்க, ஐ, ஜே என்பவற்றைக் கணித்து எழுதுக, இரு ஆரைகளும் ஒத்துள்ளனவா எனத் தானே சரிபார்க்க. பின் அதனை மெழுகிலோ பிளாத்திக்கிலோ வெட்டி அளக்க. அதன்பின் ஆரை முறை, அதன்பின் மென்பொருள். மென்பொருள் தரும் செய்நிரலின் ஒரு வில்லையேனும் கையாற் கணித்து ஒப்பிடாத மாணவனுக்குப் பொறியின் பொத்தானைத் தொட அனுமதி அளித்தலாகாது. இதற்கு வேண்டியது சில மணிநேரமே. நேரமில்லை என்போர், முறிந்த கருவிக்கும் பாழான உருக்குக்கும் செலவான நேரத்தைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களுக்குத் தமிழ்மொழி மூலம் பயின்று வரும் மாணவருக்கு இவ்வொழுங்கு அரிதன்று. வட்டத்தின் சமன்பாடு, தொடலி, நாண், ஆள்கூறு, வலஞ்சுழி, இடஞ்சுழி ஆகிய அனைத்தையும் அவர் தம் மொழியிலேயே கற்றுத் தேறியவர். ஆயின் பொறியியற் பீடத்தில் அவை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடுகளாக எதிர்ப்படும்போது, தாம் முன்னரே அறிந்தவை இவை என அவர் உணர்வதில்லை. உணர்த்துவாரும் அருகியே உளர். ஐ என்பது மையத்தின் கிடைத்தூரம், ஜே என்பது அதன் நிலைக்குத்துத் தூரம் என ஒருமுறை எடுத்துக்காட்டினால், அந்நியமாகத் தோன்றிய வரி வகுப்பறைக் கணக்காகிவிடும். பாடசாலையிற் பெற்ற அறிவைப் பட்டறையோடு இணைத்தலே பல்கலைக்கழகத்தின் கடன். அதனைச் செய்யாது, பாடசாலையிற் கற்றது தேவையில்லை, மென்பொருள் போதும் என்பது அக்கடனைத் துறத்தலாகும்.

வெட்டுங்கருவி உருக்கைத் தொடும் கணத்தில், அவ்வியக்கம் சரியென்று பொறுப்பேற்று நிற்க ஒருவர் இருத்தல் வேண்டும். மென்பொருள் அப்பொறுப்பை ஏற்பதில்லை. அதனை விற்றவரும் ஏற்பதில்லை. பொறியின் முன் நிற்பவனே ஏற்கின்றான். பொறுப்பு அவனுடையதாயின் அறிவும் அவனுடையதாதல் வேண்டும். மையம் எங்கே என்று வினவினால், திரையைத் தேடாது தாளில் ஒரு புள்ளியைக் குறித்துக் காட்டக்கூடிய மாணவரை ஆக்குவதே பொறியியற் கல்வி. ஏனையது பொத்தான் அழுத்தும் பயிற்சி. அதற்குப் பல்கலைக்கழகம் வேண்டியதில்லை.